சலவைக்கூடத்துக்கு ஒரு தலைவி

அந்த மருத்துவமனையில் எல்லாம் இருக்கிறது, தலைமைப்பண்பு ஒன்றுதான் இல்லை என்று நிர்வாகக் குழு ஒரு மழைநாளில் கண்டுபிடித்தது. அன்றைக்குக் குழுவினர் ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே வியர்த்து வழிந்து நின்றவர்கள் வெளியே வந்ததும் லிஃப்டைப் பார்க்க ஆள் அனுப்பவில்லை. கோளாறு லிஃப்டில் இல்லை, ஊழியர்களின் மனப்பான்மையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு உள்ளேயே தெளிவாகிவிட்டிருந்தது. இருட்டில் யோசித்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும்.

அடுத்த மாதமே தலைமைப்பண்பு வளர்ச்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு ஓர் இயக்குநர் வந்தார். முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனியிலும், அதற்கும் முன்பு ஒரு விமான நிலையத்திலும் தலைமைப்பண்பை வளர்த்தவர். அவர் பயிற்சி நடத்த ஒரு மண்டபம் வேண்டியிருந்ததால், மேல்தளத்து எலும்புமுறிவு வார்டைக் காலி செய்தார்கள். காலில் கட்டுப் போட்டவர்கள் கட்டிலோடு தாழ்வாரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காற்றோட்டம் கிடைத்தது என்று அறிக்கையில் எழுதப்பட்டது.

இயக்குநர் முதல் வேலையாக மேலாளர், மேற்பார்வையாளர் என்ற சொற்களை ஒழித்தார். ஸ்டோர் மேலாளர் ஸ்டோர் தலைவர் ஆனார். சமையல்கூட மேற்பார்வையாளர் உணவுத் தலைவர் ஆனார். பிணவறைப் பொறுப்பாளரை என்ன செய்வது என்று கொஞ்சம் தயங்கி, பிறகு அவரையும் தலைவர் ஆக்கினார்கள். அவருக்குக் கீழே இருந்தவர்கள் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

சலவைக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. அதன் மேற்பார்வை ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் இருந்தது. எல்லோருக்கும் அவள் பெரியக்கா. துவைப்பதைப் பற்றி அவளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. யாரை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவள் வேலை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவளை உலர்த்தும் மெஷினிடம் அனுப்புவாள். அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரிடம் ஒரே போர்வையின் இரண்டு முனைகளைக் கொடுத்து மடிக்கச் சொல்வாள். போர்வை மடிய மடிய இருவரும் நெருங்கி வந்துதான் ஆகவேண்டும். சோப்புத்தூள் கரைத்துக் கரைத்து நெஞ்சு கெட்டுப்போன சோப்பு மாமாவை வாசலோரம் வைத்திருந்தாள். அங்கே கொஞ்சம் காற்று வரும்.

அவளுக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே கவலை இஸ்திரி ரோலர். ஈரப் படுக்கைவிரிப்பை நுனி பிடித்து உள்ளே கொடுத்தால், சூடான இரண்டு உருளைகள் அதை இழுத்துக்கொண்டு மறுபக்கம் சுருக்கமில்லாமல் தள்ளும். உருளைகளுக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். விரல் அதில் பட்டால் ரோலர் நின்றுவிடும். அந்தக் கம்பி ஒருநாள் முறிந்து விழுந்தது. கம்பி இல்லாமல் ஓடாத மெஷினை, பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து இரண்டு வயரை முறுக்கிவிட்டு ஓட வைத்துவிட்டுப் போனார். கம்பி பிறகு வரும் என்றார்.

அதுவரை ரோலரில் நின்றவள் புதுப்பொண்ணு. கல்யாணமான கையோடு வேலைக்குச் சேர்ந்ததால் வந்த பெயர். கல்யாணம் பழசாகியும் பெயர் பழசாகவில்லை. கம்பி முறிந்த அன்றே பெரியக்கா அவளை மடிப்புக்கு மாற்றிவிட்டு, ரோலருடன் வருஷக்கணக்காகப் பழகிய சோப்பு மாமாவை அங்கே நிறுத்தினாள்.

அந்த நேரத்தில்தான் இயக்குநர் கீழே இறங்கி வந்தார். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இந்த அம்மா பின்னாடி நீங்க எவ்வளவு தூரம் போவீங்க?"

சோப்பு மாமா நன்றாக யோசித்தார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் போவேன் சார். அதுக்கு மேல அவங்க பஸ் வேற, என் பஸ் வேற."

"அக்கா பின்னாடி எதுக்கு சார் போகணும்?" என்றாள் புதுப்பொண்ணு. "வேலை இங்கதானே இருக்கு?"

இயக்குநர் வருத்தத்தோடு தலையாட்டிவிட்டுப் பெரியக்காவைத் தனியே அழைத்தார்.

"நீங்க ஆளுங்களை மேய்க்கறீங்கம்மா. நடத்தலை."

"நல்லபடியாத்தான் சார் நடத்தறேன். யாரையும் ஒரு வார்த்தை தப்பாப் பேசினது கிடையாது."

"அந்த நடத்தறது இல்லை. முன்னாடி நின்னு நடத்தறது."

"முன்னாடி நின்னா, பின்னாடி யாரு கையை எங்க வைக்கறாங்கன்னு தெரியாதே சார்." பேச்சு கை வரைக்கும் வந்துவிட்டதால் அவள் அப்படியே தொடர்ந்தாள். "அந்த ரோலருக்கு ஒரு கம்பி வேணும் சார்."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் குரல் மேடைக்குப் போயிருந்தது.

"கம்பி, திருகாணி, சோப்பு. இதெல்லாம் மேலாண்மை. நான் வந்ததும் முதல்ல ஒழிச்சது அதைத்தான். ஒரு தலைவர் கம்பி கேட்கமாட்டார். கம்பி இல்லாமலே ஆளுங்க கையை நீட்டற மாதிரி ஒரு நம்பிக்கையை உண்டாக்குவார்."

"அப்ப கம்பியை யாரு சார் வாங்குவாங்க?"

"பராமரிப்புத் தலைவரைப் பாருங்க."

பராமரிப்புத் தலைவர் முன்பெல்லாம் கிரீஸ் அப்பிய சட்டையோடு ஏதாவது ஒரு குழாய்க்கு அடியில் இருப்பார். இப்போது டை கட்டி நாற்காலியில் இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"நான் இப்ப கம்பி வாங்கறதில்லைக்கா. கம்பி வாங்கச் சொல்லி ஆளுங்களைத் தூண்டறேன்."

"யாரைத் தூண்டினீங்க?"

"எனக்குக் கீழ ரெண்டு பேர் இருந்தாங்க. அவங்களும் தலைவராயிட்டாங்க. அவங்களும் தூண்டிட்டுத்தான் இருக்காங்க."

பெரியக்காவின் கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலர். அவள் வீடு திரும்புவதும் அவர் கிளம்புவதும் ஒரே வேளை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பின்னாடி வர்றதுக்கு ஆள் வேணுமாம்மா? என்னைக் கேக்கச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னாடி உன் பின்னாடியே சுத்தினவன்தானே."

"அதெல்லாம் கணக்குல வராதாம். சம்பளம் வாங்கிட்டுப் பின்னாடி வரணுமாம்."

"அப்படி வர்றவன் சம்பளத்துக்குப் பின்னாடி இல்ல போறான்?" என்று சொல்லிவிட்டு அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பயிற்சி முகாம் தொடங்கியது. முதல் நாள் எல்லாத் தலைவர்களையும் மருத்துவமனை முற்றத்தில் நிறுத்தி, "திரும்பிப் பார்க்காமல் நடங்கள். உங்கள் பின்னால் ஆள் வந்தால் நீங்கள் தலைவர்" என்றார்கள். எல்லோருமே தலைவர்கள் என்பதால் ஆளுக்கு ஒரு திசையில் நடந்தார்கள். உணவுத் தலைவர் கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, பஸ் ஏறி வீட்டுக்கே போய்விட்டார். அவருக்கு முதல் பரிசு. பிணவறைத் தலைவர் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். விடாமுயற்சி என்று அவருக்கு ஆறுதல் பரிசு. பெரியக்கா நேராகச் சலவைக்கூடத்துக்குப் போய், சேர்ந்து கிடந்த துணியைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். 'வேலைக்குத் திரும்பிவிட்டார்' என்று அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் குறித்தார்கள்.

சாயங்காலம் இயக்குநர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். தலைவர்கள் இருக்கிறார்கள், பின்தொடர்கிறவர்கள் போதவில்லை. எந்தப் பிரிவும் ஆள் கொடுக்க முன்வரவில்லை. எல்லாப் பிரிவிலும் ஆட்கள் தலைவர்கள் ஆகியிருந்தார்கள். கடைசியில் சலவைக்கூடத்திலிருந்து சோப்பு மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு 'பின்தொடர்பவர்' என்று எழுதிய ஒரு பட்டை. காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு தலைவருக்கும் பின்னால் ஒரு சுற்று நடக்கவேண்டும்.

"மூச்சு வாங்குதுக்கா," என்றார் அவர், மத்தியானம் இறங்கி வந்து. "ஆனா எல்லாருமே நான் நல்லாப் பின்னாடி வர்றேன்னு சொல்றாங்க."

அவர் இல்லாததால் ரோலரில் பெரியக்காவே நின்றாள். முகாமின் மூன்றாம் நாள் அவளுக்கும் மேலேயிருந்து அழைப்பு வந்தது. ஒவ்வொரு தலைவரும் மேடையேறித் தன் கனவைச் சொல்லவேண்டும். அந்த நேரம் பார்த்து அறுவைசிகிச்சை அறையிலிருந்து ஆள் வந்து, விரிப்பு இல்லாமல் நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி வாசலில் நின்றார்.

"ரோலரை நிறுத்திட்டுப் போறேன். நான் வந்து போட்டுக்கறேன்," என்றாள் பெரியக்கா.

"போயிட்டு வாங்கக்கா. ஆபரேஷனுக்கு நிக்கறாங்க பாருங்க. எனக்குத் தெரியாத ரோலரா?" என்றாள் புதுப்பொண்ணு.

பெரியக்கா அவள் வளையலைக் கழற்றச் சொன்னாள். தளர்ந்து தொங்கிய அவள் மேலங்கியின் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள். "நுனியை மட்டும் குடு. சுருக்கம் விழுந்தா விழட்டும், கையை உள்ள விடாத," என்று சொல்லிவிட்டு, படி ஏறும்போது ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மேடையில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"இன்னும் பத்து வருஷம் கழிச்சு சலவைக்கூடம் எங்கே இருக்கும்? சொல்லுங்க," என்றார் இயக்குநர்.

"கீழ்த்தளத்துலதான் சார் இருக்கும்."

"ஏன் மேலே வரக்கூடாது? ஏன் உயரக்கூடாது?"

"மேல தண்ணி ஏறாது சார்."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன்பு கதவருகே மடிப்புப் பெண்களில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்து மூடினாள். அவள் முன்னங்கையெல்லாம் ரத்தம். அவளுடைய ரத்தம் இல்லை.

பெரியக்கா படியிறங்கி ஓடினாள், சோப்பு மாமாவும் பட்டையோடு பின்னால் ஓடி வந்தார். அவர்தான் வயரைப் பிடுங்கினார். ரோலரைத் திருப்பிச் சுழற்றித்தான் கையை வெளியே எடுக்க முடிந்தது. புதுப்பொண்ணு மயங்கவில்லை. "விரிப்பு கிழிஞ்சிடுச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். நல்லவேளையாகவோ என்னவோ, மருத்துவமனை அதே கட்டடத்தில் இருந்தது. அறுவைசிகிச்சை அறையில் காத்திருந்த நோயாளியை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள். வலது கையை மணிக்கட்டோடு எடுக்கவேண்டியதாயிற்று.

மறுநாள் காலை இயக்குநர் கீழே வந்தார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார்.

"நம்ம எல்லாருக்கும் இது ஒரு சோதனை. இந்த மாதிரி நேரத்துலதான் ஒரு தலைவர் வெளியே வருவார். வர்ற வாரம் மண்டபத்துக்கு முறைப்படி திறப்பு விழா. மேஜைவிரிப்பு, திரைச்சீலை எல்லாம் தேய்ச்சாகணும். ஆளுங்க பயந்துபோயிருக்காங்க. நீங்க நாலு வார்த்தை பேசி, அவங்களை ரோலர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

பெரியக்கா சுவரோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். சலவைக்கூடத்தில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை.

"கம்பி வர்ற வரைக்கும் இது ஓடாது சார்," என்றாள். சொல்லிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் படியேறி முற்றத்துக்குப் போய், சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் பக்கத்தில் யாரோ இருமினார்கள். சோப்பு மாமா. அவருக்குப் பின்னால் சலவைக்கூடம் முழுக்க நின்றது.

"நீங்க எல்லாம் எதுக்கு வந்தீங்க? போங்க, சம்பளத்தைப் பிடிச்சிடுவாங்க."

"பிடிக்கட்டும்," என்றார் சோப்பு மாமா. பட்டையைக் கழற்றி மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் படுக்கைகளுக்கு விரிப்பு தீர்ந்தது. இயக்குநர் முற்றத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் சோகம் போய்ப் பயம் வந்திருந்தது. அவர் இத்தனை வருஷம் தலைமைப்பண்பை வளர்த்ததில், அது வளர்ந்து பார்த்தது இதுதான் முதல்தடவை.

"யாரும்மா உங்களுக்கு அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கலை சார்."

"உங்களைத் தலைவியாத்தானே ஆகச் சொன்னோம்? தலைமை தாங்கச் சொல்லலையே! நாங்க காட்டற இடத்துக்கு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறதுக்குப் பேருதான் தலைமை. நீங்களே ஒரு இடத்தைப் பார்த்துக் கூட்டிட்டுப் போனா அதுக்குப் பேரு ஒழுங்கீனம்."

"நான் யாரையும் கூட்டிட்டு வரலை சார். அவங்களா வந்தாங்க."

"அதுதான் ரொம்ப மோசம்," என்றார் இயக்குநர்.

அன்று மாலை வீட்டில் அவள் கணவர் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேலை போயிடுமா?"

"போயிடும்னுதான் நினைக்கிறேன்."

"சரி, போகட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

"வேற ஒருத்தர் ஊட்டிவிட்டாங்க. இடது கையில பழக்கமில்லையாம்."

அன்றிரவு அவர் தாமதமாகத்தான் வேலைக்குப் போனார்.

மறுநாளும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறும் நேரத்தில் புதுப்பொண்ணின் கணவன் வந்தான். லாரியில் சுமை ஏற்றி இறக்குகிறவன், பெரிய ஆள். வந்தவன் பெரியக்காவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"என்னை மேல கூப்பிட்டாங்கக்கா. நல்லாத்தான் பேசினாங்க. ஊழியர் குடும்பம் மாதிரி, அதனால வைத்தியம் எல்லாம் இலவசம்னு சொன்னாங்க."

"நல்லதுதானே."

"குடும்பம் ஒத்துமையா இருக்கற வரைக்கும்தானாம்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சலவைக்கூடம் ஓடலைன்னா அவளை வெளிநோயாளி ஆக்கிடுவாங்களாம், அப்புறம் எல்லாத்துக்கும் காசு கட்டணுமாம். இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்குக்கா. எனக்கு உங்ககிட்ட கேக்க வாய் வரலை."

மடிப்புப் பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். எல்லோரும் பெரியக்காவைப் பார்த்தார்கள். அவள் என்ன சொன்னாலும் செய்வார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அது அவளுக்குத் தாங்கமுடியாத பாரமாக இருந்தது. இத்தனை காலம் அவர்கள் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இருந்ததில்லை.

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். மற்றவர்களும் பின்னால் இறங்கினார்கள். சுவிட்சை அவளே மேலே தள்ளினாள். ரோலர் முன்னால் அவளே போய் நின்றாள். "இனிமே இங்க நான்தான். வேற யாரும் கிட்ட வரக்கூடாது," என்றாள். மேஜைவிரிப்புகள் திறப்பு விழாவுக்குள் தயாராகிவிட்டன.

விழாவில் அந்த ஆண்டின் சிறந்த தலைவி என்ற விருது பெரியக்காவுக்குக் கிடைத்தது. வேலையை விட்டு விலகிய ஊழியர்களை, நெருக்கடி வேளையில் தானே முன்னே நடந்து பணிக்கு அழைத்து வந்தவர் என்று வாசித்தார்கள். அவர்கள் ஏன் விலகினார்கள் என்பதை வாசிக்க நேரம் போதவில்லை. மைக்கை அவள் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் சபையைப் பார்த்தாள். நிர்வாகக் குழு முதல் வரிசையில் முழுதாக உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு சந்தர்ப்பம் இனிமேல் வராது என்று அவளுக்குத் தோன்றியது.

"ரோலருக்கு ஒரு கம்பி வேணும்," என்றாள்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது.

"என்ன எளிமை! என்ன ஆழம்! நாம் ஒவ்வொருவரும் சுழல்கிற ரோலர்கள். நமக்கு வேண்டியது ஒரு கம்பி. கம்பி என்றால் என்ன? நம்பிக்கை!"

"இல்ல சார், இரும்புக் கம்பி," என்றாள் பெரியக்கா. மைக் அவரிடம் இருந்தது.

அடுத்த வாரம் ஒவ்வொரு தளத்திலும் பெரிய பெரிய எழுத்தில் பலகை மாட்டினார்கள்: 'உன் கம்பி எது?' சலவைக்கூடத்திலும் ஒன்று, ரோலருக்கு நேர் எதிரே. பெரியக்கா அதைப் பார்த்துக்கொண்டேதான் விரிப்பைக் கொடுக்கவேண்டியிருந்தது. பராமரிப்புத் தலைவர் அதை மாட்ட வந்தபோது பழைய சட்டையில் வந்திருந்தார். ஆணி அடித்து முடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

புதுப்பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்து ஒரு காலையில் சலவைக்கூடத்துக்கு வந்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"என்னை எங்க போடுவீங்கக்கா?"

பெரியக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிரிக்க இரண்டு கை வேண்டும். பிழிய இரண்டு கை வேண்டும். மடிக்கக் கண்டிப்பாக வேண்டும். சோப்புப் பக்கம் மூட்டையைத் தூக்கிக் கவிழ்க்கவேண்டும். வாழ்நாளெல்லாம் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அந்தக் கூடத்தை மறுபடியும் ஒரு முறை முழுக்கப் பார்த்தாள்.

"உக்காரு. சாப்பிடு முதல்ல," என்றாள்.

இடம் இயக்குநர்தான் கண்டுபிடித்தார். இப்படி ஓர் எழுச்சிக் கதை கீழ்த்தளத்தில் வீணாவதா என்று அவளை மேலே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முகாமிலும் கடைசி அமர்வு அவளுடையது. மேடையேறி, கை போனதைச் சொல்லி, போனாலும் தான் சிரித்துக்கொண்டிருப்பதைச் சொல்லி, சிரித்துக் காட்டவேண்டும். கம்பி முறிந்திருந்ததைச் சொல்லவேண்டாம், அது கேட்பவர்களின் கவனத்தைச் சிதறடிக்கும் என்றார்கள். சம்பளம் முன்பைவிடக் கூடுதல். அவள் கணவன் வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. வெளியூர்களிலிருந்தெல்லாம் தலைவர்கள் வந்து கேட்டு அழுதார்கள்.

சாப்பாட்டு வேளையில் மட்டும் அவள் கீழே இறங்கி வந்துவிடுவாள். பெரியக்கா ரோலரை நிறுத்திவிட்டு அவள் டப்பாவைத் திறந்து கொடுப்பாள்.

"இன்னிக்கு எப்படி?"

"நல்லாத்தான் போச்சு. ரொம்ப அழுதாங்க." இடது கையால் மெதுவாகப் பிசைந்து சாப்பிட்டாள். இப்போது சிந்துவதில்லை. "ஒரு விஷயம்தான்கா. முடிஞ்சதும் எல்லாரையும் எழுப்பி நிக்கவெச்சு, உங்களுக்கு நீங்களே கைதட்டிக்குங்கன்னு சொல்றாங்க. எல்லாரும் தட்டறாங்க. நான் மேடையில நிக்கறேன். அப்ப மட்டும் என்ன பண்றதுன்னு தெரியலை."

"என்ன பண்றே?"

"தொடையில தட்டிக்கறேன். சத்தம் வரமாட்டேங்குது."

பெரியக்கா தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள்.